முன்னிலைப் பன்மை

‘மென்சிறகு’ மழலையகத்தில் ‘அழுகை’ என்ற சொல்லை எவரும் உச்சரிப்பதில்லை. விதிமுறைப் புத்தகத்தில் அப்படியொரு வரி கிடையாது. வேலைக்குச் சேர்கிறவர்கள் கையெழுத்திடும் பதினான்கு பக்க ஒப்பந்தத்திலும் கிடையாது. ஆனாலும் புகுந்த வீட்டில் யார் பெயரை எடுக்கக்கூடாது என்பது மருமகளுக்கு ஒரு வாரத்தில் விளங்கிவிடுவதைப் போல, அங்கு வருகிறவர்களுக்கு அது விளங்கிவிடும். தவறிச் சொன்னவரை யாரும் கடிந்துகொள்வதில்லை. பேச்சு அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும். எல்லோரும் வேறெங்கோ பார்ப்பார்கள். பிறகு பேச்சு வேறு வழியாகப் போய்விடும். அந்தச் சொல்லுக்குப் பதிலாக அங்கே ‘அலை’ இருந்தது. ‘இரண்டாம் அறையில் ஓர் அலை எழுந்தது, அடங்கிவிட்டது’ என்று பதிவேட்டில் எழுதுவார்கள். கடந்த ஓராண்டில் அதையும் எழுத வேண்டிய தேவை வரவில்லை.

பேச்சியம்மாள் வீரவநல்லூரிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து அங்கே பராமரிப்பாளராகச் சேர்ந்த முதல் நாள், காலை எட்டரை மணிக்கு வாசலில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தாள். கார்களும் ஸ்கூட்டர்களும் வந்து நின்றன. நாற்பத்திரண்டு குழந்தைகள் இறக்கிவிடப்பட்டார்கள். தாய்மார்கள் கையசைத்தார்கள், தகப்பன்மார் ஹெல்மெட்டை மாட்டினார்கள், போனார்கள். இரண்டு வயதுக் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சரளைக் கல்லில் டயர்கள் நெரிகிற ஓசை மட்டும் கேட்டது. ஊர் அங்கன்வாடியில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் அவள். காலை நேரமென்றால் சேலைத் தலைப்பைப் பிடித்துத் தொங்குகிற கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்துப் பழகியவள். இந்த அமைதியில் அவளுக்குக் கை என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று.

“என்னக்கா, ஒரு பிள்ளகூட அழலையே,” என்றாள் சமையலறையில் நுழைந்ததும்.

ராகிக் கூழைக் கிளறிக்கொண்டிருந்த மயிலாத்தாவின் கரண்டி நின்றது. ஐம்பது வயதான அந்தச் சமையற்காரம்மாள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “மெதுவாப் பேசுங்க மிஸ். அந்தப் பேச்சு இங்க எடுக்கறதில்லீங்க.” பிறகு பேச்சியின் மார்பில் குத்தியிருந்த பெயரட்டையை உற்றுப் பார்த்தாள். அதில் ‘ப்ரீத்தி’ என்று இருந்தது. பெற்றோர்கள் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று நிர்வாகி சௌதாமினி வைத்த பெயர் அது. “பேச்சின்னு பேரு இருந்தா வாய் சும்மா இருக்காதுன்னுதான் மாத்தீட்டாங்களாட்ட இருக்குது.”

பேச்சி சிரித்தாள். மயிலாத்தா சிரிக்கவில்லை.

காரணம் முத்து. ஒவ்வொரு குழந்தையின் இடது காதுமடலின் பின்புறமும் மிளகளவில் ஒரு வெண்ணிற முத்து ஒட்டியிருந்தது. குழந்தையின் மூச்சு இறுகத் தொடங்கும்போதே, உதடு பிதுங்குவதற்கு முன்பே, முத்து அதை உணர்ந்துவிடும். காதருகே ஓடுகிற நரம்பில் மெல்லிய துடிப்பொன்றை அனுப்பும். நெஞ்சின் படபடப்பு தணியும். அந்த நேரத்தில் முத்தில் நீலமாக ஓர் ஒளி தோன்றி மறையும். தொண்ணூறு நாள் அதை அணிந்திருந்தால் போதும், பிறகு குழந்தையின் உடலே அந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிடும் என்று விளம்பரத்தாள் சொன்னது. தொண்ணூறாம் நாள் முத்து இறக்கும் விழா நடக்கும். பலூன், கேக், புகைப்படம் எல்லாம் உண்டு.

ஏழு மாதங்களில் பேச்சியும் அந்த அமைதிக்குப் பழகிக்கொண்டாள். மிதுளா வந்த பிறகுதான் அது அவளை மீண்டும் உறுத்தத் தொடங்கியது.

மிதுளாவுக்கு மூன்று வயது. சுருட்டை முடி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதிகாரமாகப் பேசுவாள். “நீ வா. நீ இங்க ஒக்காரு. நீதான் எனக்கு ஊட்டோணும்,” என்று பேச்சியின் சுடிதாரைப் பிடித்து இழுப்பாள். மயிலாத்தாவையும் ‘நீ’தான். வாசல் காவலரையும், ஜன்னலில் வந்து உட்கார்கிற காகத்தையும், ஒரு கண் போன கரடி பொம்மையையும் ‘நீ’தான். மாலை ஆறு மணிக்கு அவளுடைய அம்மா பவதாரிணி உள்ளே நுழைந்ததும் அந்தக் குரல் மாறும். குழந்தை எழுந்து நிற்கும். “வந்துட்டீங்களா? என் பேக் அங்க இருக்குது. எடுத்துக்கோங்க,” என்று சொல்லும். வங்கியில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் அது. குறையொன்றும் சொல்ல முடியாத குரல்.

முதலில் பேச்சி அதை ஊர் வழக்கம் என்றே எடுத்துக்கொண்டாள். கொங்குநாட்டில் கைக்குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்று அழைக்கிறார்கள். மரியாதை அங்கே மூச்சைப் போல இயல்பானது. ஆனால் கல்லூரியில் தமிழிலக்கியம் படித்தவள் அவள்; அப்படிப்பட்ட காது ஒரு வேற்றுமையைக் கேட்டுவிட்டால் பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடிவதில்லை. அந்த வழக்கத்தில் ஊறிய குழந்தையென்றால் எல்லோரையும் அல்லவா ‘நீங்க’ என்று சொல்ல வேண்டும்? உலகம் முழுவதையும் ஒருமையில் அழைத்துவிட்டுத் தாயை மட்டும் ஏன் முன்னிலைப் பன்மையில் நிறுத்துகிறது?

மதியம் குழந்தைகள் உறங்கும்போது மயிலாத்தாவிடம் கேட்டாள்.

“இதுல என்ன மிஸ் அதிசயம்? பெத்தவளுக்கு மரியாத குடுக்குது. உங்கூர்லதான் எல, ஏட்டின்னு ஆட்ட மேய்க்கறாப்ல பேசுவீங்க.”

“எங்கூர்ல அம்மாவயும் சாமியயும் ‘நீ’ன்னுதான்க்கா சொல்லுதோம். ‘நீங்க’ன்னு சொன்னா கோவம்னு அர்த்தம். இல்லாட்டி அன்னியம்.”

மயிலாத்தா வெங்காயத்தோலை முறத்திலிருந்து ஊதினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “எம்பட பேத்திகூட எம்மவள ‘நீ’ன்னுதானுங்க சொல்லும். சொல்லி, அடியும் வாங்கும்.”

அன்று மாலை பவதாரிணியிடம் பேச்சி சாதாரணமாகக் கேட்பதைப் போலக் கேட்டாள். பம்ப்செட் தொழிற்சாலையொன்றில் வடிவமைப்புப் பொறியாளராக இருந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். எப்போதும் ஓடி வந்தவளைப் போலவே தெரிவாள்.

“வீட்லயும் மிதுளா உங்கள இப்படித்தான் கூப்பிடுதாளா?”

“ஆமாங்க மிஸ்,” என்று முகமெல்லாம் மலர்ந்தாள் பவதாரிணி. “எங்க மாமியாருக்கெல்லாம் ஒரே பெருமை. அவங்கப்பா மஸ்கட்லருந்து வீடியோல வந்தா ‘நீ எப்ப வருவ, நீ என்ன வாங்கியாருவ’ன்னு ஒரே அதட்டல்தான். எங்கிட்ட மட்டும் அத்தன மரியாதைங்க.” பிறகு, பேச்சி கேட்காமலே தொடர்ந்தாள். “மூணு மாசம் முந்தி நீங்க இவள பாத்திருக்கோணும். என்ர துப்பட்டாவ விடவே மாட்டா. வேற டே கேர் ரெண்டு மாத்தினேன். வேலையும் ரெண்டு போச்சுங்க. ஆபீஸ் மீட்டிங்ல ஒக்காந்திருப்பேன், காதுக்குள்ள இவ கொரல் கேட்டுட்டே இருக்கும். இப்பத்தான் மனுசியாட்ட இருக்கறேன்.”

மிதுளா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். காதின் பின்னால் நீல ஒளி மின்னி மறைந்தது. “போலாங்களா?” என்றாள் தாயிடம்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாலை பவதாரிணி குடையை மடக்கியபடி படியேறும்போது கால் வழுக்கி விழுந்தாள். முகவாய் படிவிளிம்பில் இடித்துப் பிளந்தது. காவலர் ஓடிவந்து தூக்கினார். வெளிர்மஞ்சள் குர்த்தாவின் மார்பில் இரத்தம் இறங்கியது. மிதுளா அப்போது பேச்சியின் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பேச்சி குழந்தையின் கண்ணை மறைக்கக் கையை நீட்டினாள். மறைப்பதற்குள் குழந்தை பார்த்துவிட்டது. அந்த முகத்தில் ஏதோவொன்று எழத் தொடங்கியது. புருவம் நெரிந்தது, மேலுதடு நடுங்கியது. நீல ஒளி தோன்றியது. முன்னெப்போதும் இல்லாதபடி அது அணையாமல் நின்று எரிந்தது. குழந்தையின் முகம், காற்று நின்றுபோன குளத்தைப் போலச் சமனாயிற்று.

“பாத்து வாங்க,” என்றாள் மிதுளா. பிறகு பேச்சியிடம் திரும்பி இரு கைகளையும் நீட்டினாள். “நீ என்னத் தூக்கு.”

அறையிலிருந்து வெளியே வந்த சௌதாமினி பஞ்சும் மருந்தும் எடுத்துவரச் சொன்னார். “குழந்தை பயப்படவே இல்ல பாத்தீங்களா? எவ்வளவு நிதானம்,” என்று பாராட்டினார். பவதாரிணி முகவாயைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் அவள் பார்வை மகளின் முகத்தைவிட்டு நகரவில்லை; அங்கே வைத்துவிட்டுப் போன ஏதோ ஒன்றைத் தேடுவதைப் போல அது அலைந்தது.

அன்றிரவு பேச்சிக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது. மிதுளா தன்னை ‘நீ’ என்று அழைப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. விடுதி அறையில் தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு அந்த ஓரெழுத்து நாள் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. அது தனக்கு உரிய சொல் அல்ல என்பது தெரிந்தும், வேறொருவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பவளைப் போல அதை அவள் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நவநீதன் வந்தான். முத்து தயாரிக்கும் நிறுவனத்தின் பொறியாளன். வாரம் ஒருமுறை வந்து முத்துகளின் பதிவுகளை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு போவான். இளவயதுக்காரன், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கமுள்ளவன். பேச்சி தேநீரை அவன் பக்கம் நகர்த்திவிட்டு மிதுளாவின் பதிவைக் காட்டச் சொன்னாள்.

திரையில் நாள் முழுவதும் சமநிலமாக ஓடியது கோடு. இரண்டே இடங்களில் முள்ளைப் போல நிமிர்ந்து நின்றது.

“காலைல எட்டரை. சாயங்காலம் ஆறு,” என்றான் நவநீதன். “மத்த நேரமெல்லாம் முத்து தூங்குது மிஸ்.”

“எட்டரை சரி, அம்மா விட்டுட்டுப் போற நேரம். ஆறு எதுக்கு? அது அம்மா வாற நேரம்லா?”

“வர்றப்பவும் நெஞ்சு படபடன்னு அடிக்குமே. அது சந்தோஷமா, தவிப்பான்னு முத்துக்குத் தெரியாது. படபடப்புன்னா அமத்தும். அவ்ளோதான்.”

“பிள்ள இப்ப அம்மா கொரல் கேட்டதுமே மாறிருதே.”

“அது கத்துக்கும் மிஸ். அலை வந்தப்புறம் அடக்குறது கஷ்டம், வர்றதுக்கு முன்னாடி அடக்குறது சுலபம். அதனால எது அலையக் கொண்டுவருதுன்னு தேடிக் கண்டுபிடிச்சு முன்கூட்டியே தயாரா நிக்கும். ஸ்கூட்டர் ஹாரன், செருப்புச் சத்தம், பவுடர் வாசனைக்கு மூச்சு மாறுறது, எதையும் விடாது. மூணு வயசுக் குழந்தைக்கு அலை எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஒரே எடத்துலேருந்துதான்.”

பேச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ அது அலைய நிறுத்தல. அம்மாவ நிறுத்துது.”

நவநீதன் தேநீர்க் கோப்பையைக் கையிலெடுத்தான், குடிக்கவில்லை. “கோளாறுன்னு சொல்லாதீங்க மிஸ். நாங்க கேட்டதத்தான் அது செய்யுது. அலை இருக்கக்கூடாதுன்னு கேட்டோம்.”

“தொண்ணூறு நாள் கழிச்சுக் கழட்டுனா பழையபடி ஆயிருவாளா?”

“கழட்டுறதே அதுக்கப்புறம் உடம்பு தானா செய்யுதுங்கிறதுனாலதானே.” அவன் குரல் தாழ்ந்தது. “தொண்ணூறுக்கு முன்னாடி கழட்டினா பழையபடி ஆகலாம். அம்மா கண்ணு முன்னாடி ஒரு முழு அலை வரணும். ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும், யாரும் நடுவுல தடுக்காம. வந்துட்டா கத்துக்கிட்டது மொத்தமும் கலைஞ்சிரும். அதுக்காகத்தான் நடுவுல கழட்டவே கூடாதுன்னு பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்குறோம். தொண்ணூறைத் தாண்டினா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியாது.”

“தாண்டுன பிள்ளைக இருக்குதே. மூத்ததுக்கு என்ன வயசு?”

“ஆறு.”

“அம்மாவ எப்படிக் கூப்பிடுது?”

நவநீதன் மடிக்கணினியை மூடினான். “மரியாதையா,” என்றான்.

மிதுளாவுக்கு அது எண்பத்து நான்காம் நாள்.

மறுநாள் பேச்சி சௌதாமினியின் அறைக்குப் போனாள். சௌதாமினி கெட்டவரல்லர், இருபது ஆண்டுகளாகக் குழந்தைகளுடன் இருப்பவர், எந்தக் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது, எதற்கு இடதுகைப் பழக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பேச்சி சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்றது ஒரு பிரதிப்பெயர், பேச்சி. அதுக்குள்ள இவ்வளவையும் ஏத்தி வைக்கறீங்க.”

“அந்தப் பிள்ள ரத்தத்தப் பாத்துட்டு ‘பாத்து வாங்க’ன்னு சொல்லுச்சு மேடம்.”

“அந்தம்மா முதல் தடவ இங்க வந்தப்ப, நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலில உக்காந்தாங்க. ரெண்டு வேலை போன கத சொன்னாங்க. சொல்லும்போதே அவங்களுக்கு…” சௌதாமினி ஒரு சொல்லைத் தேடினார். “அவங்களுக்கு ஓர் அலை வந்துச்சு. அரைமணி நேரம். அந்த எடத்துக்கு அவங்களத் திரும்ப அனுப்பணும்கிறீங்களா?”

வளர்ந்த ஒரு பெண்ணின் கண்ணீருக்கும் அந்தக் கட்டடத்தில் வேறு பெயர் கிடையாது என்பது பேச்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

“இன்னொண்ணு,” என்றார் சௌதாமினி, தாளொன்றைப் பேச்சியின் பக்கம் நகர்த்தியபடி. “அடுத்த வாரம் முடிஞ்சதும் நீங்க சிங்காநல்லூர்க் கிளைக்குப் போறீங்க. மிதுளா உங்ககிட்ட ரொம்ப ஒட்டிக்கிட்டா. அதுவும் நல்லதில்ல. அவ முத்த மட்டும் நீங்களே இறக்கிட்டுப் போங்க. உங்க கைன்னா அவ அசையாம நிப்பா.”

மீதமிருந்தது ஒரே வழி. எண்பத்தேழாம் நாள் மாலை, வாசலில் பவதாரிணி ஸ்கூட்டரை நகர்த்தும்போது பேச்சி அருகே போனாள். முத்து எதைச் செய்கிறதென்று சொன்னாள். ஒரே ஒரு நாள், வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கழற்றிவிட்டு, வெளியே போவதைப் போலக் கிளம்பிப் பாருங்கள் என்றாள். என்ன நேர்ந்தாலும் தடுக்காதீர்கள், பக்கத்தில் மட்டும் இருங்கள் என்றாள். சொல்லக்கூடாத சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர, அவளும் அதைச் சொல்லவில்லை.

பவதாரிணி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகவாயில் பிளாஸ்திரி இருந்தது.

“உங்கள இவ ‘நீ’ன்னு கூப்பிடறது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா மிஸ்?”

பேச்சி ஓரடி பின்வாங்கினாள்.

“வீட்டுக்கு வந்து உங்களப் பத்தித்தான் பேசுவா. ‘மிஸ் வருவா, மிஸ் ஊட்டுவா’ன்னு. எங்கிட்ட ‘நீங்க சாப்டீங்களா’ன்னு கேப்பா. அன்னிக்கு அடிபட்டுட்டு போய்க் கண்ணாடி முன்னாடி ஒக்காந்து நெனைச்சேன், நா இவளுக்கு யாருன்னு.” ஹெல்மெட்டின் வாரைப் பூட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் பூட்டினாள். “ஆனா நா வேலைக்குப் போகோணுமுங்க. அவங்கப்பா அனுப்பறத வெச்சு இங்க ஒண்ணும் ஆகாது. அந்தக் காலைகள எனக்குத் திருப்பிக் குடுத்துறாதீங்க. மரியாதையாவது இருக்கட்டும்.”

ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் பட்டையால் கட்டப்பட்டிருந்த மிதுளா பேச்சியைப் பார்த்துக் கையசைத்தாள். “நாளைக்கு நீ வா,” என்றாள்.

எண்பத்தெட்டாம் நாள் பேச்சி தவறொன்று செய்தாள். மதிய உறக்கத்துக்கு முன் மிதுளாவை மடியில் வைத்துத் தலைவாரிக்கொண்டிருந்தபோது, “திங்கக்கெழமலருந்து மிஸ் இங்க வர மாட்டேன் தாயி,” என்று சொல்லிவிட்டாள். சொல்லாமல் போவது துரோகம் என்று அவளுக்குப் பட்டது. குழந்தை சட்டென்று திரும்பிப் பார்த்தது. “ஏன்?” என்றது. சின்ன விரல்கள் பேச்சியின் சுடிதார்க் கையை இறுகப் பற்றின. பேச்சி சீப்பைக் கீழே வைத்தாள். சுருட்டை முடிக்குள்ளிருந்து நீலம் கசிந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அணையாமல் நின்றது. பற்றிய விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அங்கன்வாடியில் அவள் பிரித்தெடுத்த விரல்களை இங்கே வேறொன்று பிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை குழந்தையை வாங்க வாசலுக்குப் போனாள். மிதுளா நிமிர்ந்து பார்த்தாள். நல்ல பிள்ளையின் முகம், குறையொன்றும் இல்லை.

“குட் மார்னிங் மிஸ்,” என்றாள். “நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. நானே போறேன்.”

பேச்சி தள்ளிக்கொண்டாள். சரளைக்கல்லின்மேல் குழந்தை தனியே நடந்துபோவதைப் பார்த்தபடி நின்றாள். கடிதம் உரியவரிடமும் போகவில்லை. அதைத் திருடிப் படித்தவளிடமும் இப்போது இல்லை. பவதாரிணி இரண்டடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரு பெண்களின் கண்களும் ஒருமுறை சந்தித்தன. பவதாரிணியின் முகம் வெளுத்திருந்தது.

தொண்ணூறாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் பெரிய கூடத்தில் விழா. தாள்தோரணங்கள் கட்டியிருந்தார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த பெற்றோர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். குழந்தைகள் பாய்களில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். கேக் தட்டுகளைக் கொண்டுவந்த மயிலாத்தா பேச்சியின் காதருகே முணுமுணுத்தாள்: “காதுகுத்துக்கு நேர்மாறா இருக்குதுங்க மிஸ். அங்க மாமன் மடியில ஒக்கார வெச்சு, ஊரே கூடிப் புள்ளைய…” நின்றுவிட்டாள். வாயை மூடிக்கொண்டு தட்டுகளை அடுக்கினாள்.

விழாவின் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். தாய் குழந்தைக்கு முத்தமிட்டுவிட்டு வாசலை நோக்கி நடப்பாள். குழந்தை புன்னகையோடு கையசைக்கும். கதவு சாத்தப்பட்டதும் கைதட்டல். அதற்குப் பிறகே முத்து இறக்கப்படும். ஏன் அந்த வரிசை என்று யாரும் கேட்டதில்லை. தாய் போகும்போது முத்து காதில் இருக்க வேண்டும். கடைசிப் பாடம் அது. நவநீதன் கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றான். பேச்சியை ஒருமுறை பார்த்தான். உடனே தரையைப் பார்த்தான்.

“இன்னைக்கு நம்ம மிதுளா பெரிய பொண்ணாகறா,” என்றார் சௌதாமினி ஒலிவாங்கியில். “அவ எவ்வளவு நிதானமானவன்னு நீங்களே பாக்கப் போறீங்க.”

பவதாரிணி மகளின் நெற்றியில் முத்தமிட்டாள். குழந்தை அதைப் பொறுமையாக வாங்கிக்கொண்டது. “போயிட்டு வாங்க,” என்றது. தாய் எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள்; பாதி தூரத்தில் ஒருமுறை நின்றாள்; பிறகு நடந்தாள்.

மண்டியிட்டிருந்த பேச்சியின் கை குழந்தையின் சுருட்டை முடியை ஒதுக்கியது. முத்து எரிந்துகொண்டிருந்தது. பவதாரிணி கதவை எட்ட இன்னும் சில அடிகளே இருந்தன. அவள் நகத்தை அதன் விளிம்பில் நுழைத்தாள். ஒட்டியிருந்த தோலோடு ஒரு சிறு சத்தம் எழுந்தது. உள்ளங்கையில் நீலம் அலைந்து அலைந்து அணைந்தது.

சௌதாமினியின் பேச்சு ஒலிபெருக்கியில் பாதிச் சொல்லில் நின்றது.

மிதுளாவின் கை காதின் பின்னால் போனது. அங்கே ஒன்றுமில்லாததைத் தடவிப் பார்த்தது. அவள் பேச்சியைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். கைப்பிடியில் கை வைத்திருந்த பவதாரிணி திரும்பியிருந்தாள். குழந்தையின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அங்கே ஏதேனும் மீந்திருக்கிறதா, இல்லை எல்லாமே கற்றுக்கொள்ளப்பட்டுவிட்டதா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடிந்திருக்காது. நாற்காலிகளில் ஒருவரும் அசையவில்லை.

“பேச்சி,” என்றார் சௌதாமினி, ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு. “வேண்டாம்.”

பேச்சி குழந்தையின் இரண்டு தோள்களையும் பற்றி வாசல் பக்கமாகத் திருப்பினாள். அவளுடைய குரல் அவளுக்கே அன்னியமாக, அங்கன்வாடி முற்றத்தில் கூப்பிடுகிற அளவுக்கு உரத்து, கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

“ஒங்கம்மா போறா, தாயி. அழு.”